மலைநாட்டு மரக்கறித் தோட்டத்துக்கு மினி டிரக்டர்: வாங்குமுன் மாடல்களை ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

கந்தப்பளைப் பக்கம் எங்கள் மாமா ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மினி டிரக்டர் வாங்கினார். ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன், நல்ல மெஷின், இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. லொறியில் இருந்து இறக்கி, சாம்பிராணி காட்டி, தேங்காய் உடைத்து, சரிவில் படிபடியாக வெட்டிய நிலத்தில் கீழ்த் தட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று திருப்பினால் பாதையின் இரண்டு பக்கமும் கல்கட்டு, நடுவில் இருப்பது நாலு அடி மூன்று அங்குலம். டிரக்டர் போகும். பின்னால் மாட்டியிருக்கும் ரொட்டவேட்டர் (சுழன்று மண்ணைக் கிண்டும் கருவி) நாலு அடி எட்டு அங்குலம், அது போகாது. கல்கட்டை உடைத்தால் அடுத்த மழைக்கு மேல் தட்டு மண் முழுவதும் கீழே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு போகமும் ரொட்டவேட்டரைக் கழற்றி, ஐந்தாறு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், கீழே வைத்து மறுபடி மாட்டுகிறார்கள். ஐந்து அங்குலம்தான் பிரச்சினை. வாங்குமுன் ஒரு டேப் எடுத்துப் பிடித்திருந்தால் முடிந்த விஷயம்.

நான் இங்கே மினி டிரக்டர் என்று சொல்வது 15 முதல் 30 குதிரைவலு வரையான நாலு சக்கர மெஷின்களை. கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டர் வேறு கதை, அதையும் இடையில் தொடுகிறேன். எந்தக் கம்பனி நல்லது என்ற கேள்வியோடு தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் நிலத்தில் மிக மோசமான இடம் எதுவோ, மிக ஒடுக்கமான திருப்பம், மிகச் சரிவான இறக்கம், அதுதான் மாடலைத் தீர்மானிக்க வேண்டும். நல்ல இடத்தில் எந்த மெஷினும் ஓடும்.

முதல் வேலை: டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு நிலத்துக்கு

ஒரு கொப்பியில் எழுதுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். ரோட்டில் இருந்து நிலத்துக்கு வரும் பாதையின் மிகக் குறைந்த அகலம். ஒவ்வொரு தட்டின் நீளம், அகலம். தட்டு முடியும் இடத்தில் திரும்புவதற்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், அல்லது விடத் தயாராக இருக்கிறீர்கள் (அந்த இடத்தில் லீக்ஸ் நட முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்). வாய்க்காலின் அகலமும் ஆழமும்.

சரிவை அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். மேசன் வேலைக்காரரிடம் இருக்கும் நாலு அடி மட்டப் பலகையும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல் பக்கம் தரையில் வையுங்கள், மறுமுனையை ரசமட்டக் குமிழ் நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள், அந்த முனையில் இருந்து தரைக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள். எட்டரை அங்குலம் வந்தால் சரிவு 10 பாகை. 13 அங்குலம் வந்தால் 15 பாகை. என்னுடைய கணக்கு இது: சரிவுக்குக் குறுக்காக ஓட்டுவதற்கு 10 பாகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், 15 பாகைக்கு மேல் நாலு சக்கர டிரக்டரை இறக்கவே கூடாது, அங்கே மண்வெட்டியும் லேண்ட்மாஸ்டரும்தான். மெஷினின் கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் கையேடு சொல்வதே சரி.

நம் பக்கம் தட்டுகள் பெரும்பாலும் மட்டமாகத்தான் இருக்கும், கல்கட்டிப் பழகிய கைகள். ஒரு தட்டில் இருந்து அடுத்த தட்டுக்கு இறங்கும் வழியில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த வழியைக் கட்டாயம் அளந்து பாருங்கள்.

வேணுமா என்று மணித்தியாலக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, விற்கிறவர் நிச்சயமாகப் போட்டுக் காட்ட மாட்டார். ஒரு மீற்றர் அகல ரொட்டவேட்டர், மணிக்கு 2 கிலோமீற்றர் வேகம். சின்னத் தட்டுகளில் திரும்பித் திரும்பி நேரத்தில் நாற்பது சதவீதம் வீணாகும் என்று வைத்தால், ஒரு ஏக்கரை ஒரு தடவை அடிக்க மூன்றரை மணித்தியாலம் அளவில் போகும். இரண்டு தடவை அடித்தால் ஏழு. வருஷத்துக்கு மூன்று தடவை பயிர் வைக்கிறவர் என்றால் ஏக்கருக்கு 21 மணித்தியாலம். இரண்டரை ஏக்கர் செய்கிறவருக்கு வருஷம் முழுவதும் சேர்த்து 50 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல்.

50 மணித்தியால வேலைக்காக ஒரு மெஷின் வருஷம் முழுக்கக் கொட்டிலில் நிற்கிறது. இதைக் கேட்டதும் சிலருக்கு மனம் விட்டுப்போகும், ஆனால் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக வாங்குவதா, அண்ணன் தம்பி மச்சான் என்று மூன்று நாலு குடும்பம் சேர்ந்து வாங்குவதா, வெளியே கூலிக்கு ஓட்டும் எண்ணம் இருக்கிறதா, இதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏனென்றால் மாடலே அதை வைத்துத்தான் மாறும். கூலிக்கு ஓட்டுவதென்றால் ரோட்டில் ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டும், அப்போது கனமும் வேகமும் பிரேக்கும் வேறு கணக்கு. ஒரு ஏக்கருக்குக் குறைவாக, அதுவும் குத்தகை நிலத்தில் செய்கிறவர்கள், அடுத்த வருஷம் அந்த நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதவர்கள், லேண்ட்மாஸ்டரோடு நிற்பது நல்லது. லயத்துக்குப் பக்கத்தில் பத்து இருபது பேர்ச்சில் மரக்கறி போடுகிற நம் ஆட்களிடம் டிரக்டருக்கு லீசிங் எடுக்கச் சொல்கிற ஏஜென்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பொறுக்கவில்லை.

சேர்ந்து வாங்குவதென்றால் முதல் நாளே ஒரு கொப்பி போடுங்கள்: யார் எத்தனை மணித்தியாலம், எவ்வளவு டீசல், எந்த நாளில் கிறீஸ் அடித்தது. சொந்தத்துக்குள் எழுத்தா என்று கேட்பார்கள். சொந்தம் கெடாமல் இருப்பதற்குத்தான் எழுத்து.

குதிரைவலு, மலையில் அது கொஞ்சம் குறையும்

காற்று மெல்லிசாக இருக்கும் உயரத்தில் டர்போ இல்லாத டீசல் எஞ்சினுக்குச் சக்தி குறையும். கடல் மட்டத்தில் இருந்து ஒவ்வொரு 300 மீற்றர் ஏறும்போதும் சுமார் 3 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹட்டன் 1,270 மீற்றர் அளவு, பண்டாரவளை 1,225 மீற்றர் அளவு, நுவரெலியா 1,868 மீற்றர். அப்படியென்றால் நுவரெலியாவில் 18 சதவீதம் குறைந்துவிடும். கையேட்டில் 24 என்று போட்ட எஞ்சின் இங்கே 20க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அதோடு அந்த 24 எஞ்சினின் கணக்கு, ரொட்டவேட்டரைச் சுழற்றும் பிடிஓ தண்டுக்குப் போய்ச் சேருவது அதில் 85, 90 சதவீதம்தான். இரண்டையும் கழித்தால் உண்மையில் மண்ணைக் கிண்டுவதற்குக் கிடைப்பது 17 குதிரைவலு அளவு.

இதனால்தான் அநுராதபுரத்தில் ஓடுகிற டிரக்டரைப் பார்த்துவிட்டு வந்து இங்கே அதே ரொட்டவேட்டர் கேட்கக் கூடாது. அங்கே நாலு அடி ரொட்டவேட்டரை இழுக்கிற மெஷின் இங்கே ஈர மண்ணில் மூச்சுத் திணறும், கறுப்புப் புகை விடும். மூன்றரை அடி அளவில் எடுத்தால் நிம்மதியாக ஓடும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: ரொட்டவேட்டர் டயரின் வெளி விளிம்பை விட ஒடுக்கமாக இருந்தால் டயர் மிதித்த தடம் கிண்டப்படாமல் நிற்கும். ஆகவே டயரின் வெளி அகலத்தை முதலில் கேட்டு, அதற்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் வருகிற ரொட்டவேட்டரைத் தேடுங்கள். கிழங்குக்கு நாம் வரிசைக்கு வரிசை 60 சென்றிமீற்றர் விடுகிறோம், பார் கட்டுவதற்கு மெஷினைப் பயன்படுத்த நினைத்தால் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை மாற்ற முடியுமா என்பதையும் பார்க்கவேண்டும்.

மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு மூன்றை எடுக்கிறேன். குபோட்டா பி 2441: 24 குதிரைவலு, மூன்று சிலிண்டர், நாலு சக்கரமும் இழுக்கும், 630 கிலோ அளவு கனம், பின்பக்கம் 750 கிலோ தூக்கும். மஹிந்திரா ஜிவோ 245: அதே 24 குதிரைவலு, அதே 750 கிலோ தூக்கும், ஆனால் இரண்டு சிலிண்டர். ஜோன் டியர் 3028: 28 குதிரைவலு, மூன்று சிலிண்டர், 910 கிலோ தூக்கும், கனம் ஒரு டன்னைத் தாண்டும், முன்னே போக எட்டு கியர், பின்னே போக எட்டு கியர்.

தாளில் பார்த்தால் ஜோன் டியர்தான் பெரிசு. ஆனால் ஒரு டன் மெஷின் உங்கள் தட்டின் ஓரத்தில், மழை நனைந்த கல்கட்டுக்கு இரண்டு அடி உள்ளே நிற்கும்போது அந்தக் கனத்தை யார் தாங்குவது? அகலமான, மட்டமான வெலிமடைப் பக்க வயல்களுக்கு, நெல் அறுத்தபிறகு கிழங்கு வைக்கிற நிலங்களுக்கு, கனமான மெஷின் பொருந்தும், முன்னும் பின்னும் எட்டு கியர் திரும்புகிற இடத்தில் உண்மையான உதவி. கந்தப்பளை, ராகலைப் பக்கத் தட்டுகளுக்கு நான் இலேசான மெஷினைத்தான் எடுப்பேன்.

இரண்டு சிலிண்டரா மூன்று சிலிண்டரா என்பதில் நிறைய வாக்குவாதம் நடக்கும். மூன்று சிலிண்டர் அதிர்வு குறைவு, நாள் முழுக்க உட்காருகிறவரின் முதுகுக்குத் தெரியும். நேரடியாக டீசல் பாய்ச்சும் எஞ்சின் குளிரில் சுலபமாகப் பிடிக்கும், ஜிவோ அந்த வகை. குபோட்டா பி வகையில் இருக்கும் எஞ்சின் மறைமுகப் பாய்ச்சல், காலையில் எஞ்சின் உள்ளே சூடாக்கும் குளோ பிளக் சூடாகும்வரை சாவியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். குளோ பிளக் ஒன்று செத்தாலும் ஜனவரி மாதத்துப் பனியில் அது உங்களுக்குச் சொல்லிவிடும்.

திருப்பம் பற்றி ஒரு விஷயம். கையேட்டில் திரும்பும் ஆரை என்று போடுவது பெரும்பாலும் ஒரு பக்க பிரேக்கை மிதித்துக்கொண்டு திரும்பினால் வருவது. அப்படித் திரும்பும்போது உள்பக்க டயர் மண்ணைக் குழியாகத் தோண்டும், ஓரத்தில் செய்தால் கல்கட்டையும் தள்ளும். பிரேக் இல்லாமல் எவ்வளவு என்று கேளுங்கள், அந்த எண்ணை எழுதுங்கள். குபோட்டாவின் முன் அச்சில் பெவல் கியர் இருப்பதால் முன் சக்கரம் அதிகம் ஒடியும், ஒடுக்கமான தட்டில் அது பெரிய வித்தியாசம்.

டீசலையும் எழுதுங்கள். இந்த அளவு எஞ்சின் ரொட்டவேட்டரோடு பலமாக வேலை செய்யும்போது மணிக்கு 3 முதல் 4 லீற்றர் குடிக்கும். 2022இல் கியூஆர் கோட்டாவோடு வரிசையில் நின்ற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

சரிவில் உயிர் போகாமல் இருக்க

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

பெரும்பாலான மினி டிரக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். இறக்கத்தில், பின்னால் பாரம் இல்லாமல், ஈரப் புல்லில் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் வழுக்கும், மெஷின் உங்கள் பேச்சைக் கேட்காது. நாலு சக்கர இழுவையைப் போட்டிருந்தால் பிரேக் பிடிக்கும் விசை முன் சக்கரத்துக்கும் போகும். ஆகவே மலைக்கு நாலு சக்கர இழுவை மேலே ஏறுவதற்காக என்று நினைக்கிறோம், அது உண்மையில் கீழே இறங்குவதற்குத்தான் அதிகம் தேவை. இரண்டு சக்கர இழுவை மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நம் பக்கத்துக்கு வேண்டாம். இறங்குமுன்பே சின்னக் கியரைப் போட்டுவிட வேண்டும், இறக்கத்தில் கிளச் மிதித்துக் கியர் மாற்றவே கூடாது.

தலைக்கு மேல் வளைந்து வரும் இரும்புச் சட்டம் இருக்கிறதா பாருங்கள். மெஷின் புரண்டால் ஆளை நசுக்காமல் இடம் விடுவது அதுதான். அது நிமிர்ந்து இருக்கும்போது பெல்ட் கட்டாயம் போடவேண்டும், மடக்கி வைத்து ஓட்டும்போது போடக்கூடாது, இரண்டும் முக்கியம். மாமாவின் ரீகண்டிஷன் மெஷினில் அந்தச் சட்டம் இருக்கவில்லை, பிறகு கராஜில் பாஸ் ஒருவர் குழாய் வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுத்தார். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது சோதித்த சட்டம் இல்லை, புரண்டால் என்னாகும் என்று எனக்கு இப்போதும் பயம்தான்.

எதையும் இழுப்பதென்றால் கீழே இருக்கும் இழுவைக் கட்டையில் மட்டும் கட்டுங்கள். மேலே கட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி மெஷின் பின்பக்கமாக மல்லாக்க விழும், அதற்கு ஒரு நொடி போதும்.

ரீகண்டிஷன் வாங்குவதென்றால்

பழைய ஜப்பான் மெஷின்கள் இலேசு, ஒடுக்கம், நம் தட்டுக்கென்றே செய்தமாதிரி இருக்கும். நான் எதிர்க்கவில்லை. ஆனால் கருவி மாட்டும் பின்பக்கக் கொக்கி (கீழே இரண்டு, மேலே ஒன்று என்று மூன்று கைகள்) ஜப்பானுக்கென்று தனியாகச் செய்த வகையாக இருக்கலாம், அதில் இங்கே கடையில் விற்கும் கருவி மாட்டாது. அளந்து பாருங்கள்: பொதுவாகக் கிடைக்கும் கருவிகளுக்குக் கீழ்க் கைகளில் செருகும் ஆணி 22 மில்லிமீற்றர், மேல் கையில் செருகும் ஆணி 19. பிடிஓ தண்டு 35 மில்லிமீற்றர், ஆறு பல். இவை பொருந்தாவிட்டால் அந்த மெஷினோடு வரும் ரொட்டவேட்டரோடுதான் காலம் முழுக்க வாழவேண்டும்.

மணித்தியால மீற்றரை நம்பாதீர்கள். பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங் எவ்வளவு ஆடுகிறது, மூன்று கைகளின் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா நீள்வட்டமாகிவிட்டனவா, இவை பொய் சொல்லாது. கியர் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள், பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

விடியக்காலையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை

புதிதோ பழையதோ, காலை ஆறு மணிக்குப் போங்கள். போனதும் பொனட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். என் மச்சானும் நானும் இப்படி ஒரு கடையில் இருந்து இரண்டு தடவை திரும்பி வந்தோம், மூன்றாம் நாள் குளிர்ந்த எஞ்சின் பிடிக்க நாலு நிமிஷம் எடுத்தது, வெள்ளைப் புகை கொட்டிலை மறைத்தது.

அப்புறம் உங்கள் நிலத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூம் முற்றத்தில் ஓட்டுவது ஒன்றுக்கும் உதவாது. மாட்டேன் என்றால் அந்த மாடல் ஏற்கெனவே ஓடுகிற தோட்டத்தைக் கேட்டு, அங்கே போங்கள், அந்தச் சொந்தக்காரரோடு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். மண் ஈரமாக இருக்கிறதா என்று ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள், உருண்டை உடையாமல் வழுவழுவென்று நின்றால் அன்றைக்கு உழுது பார்ப்பது மண்ணுக்குப் பாவம், டயர் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கல் இருக்கும் இடத்தில் ரொட்டவேட்டர் கல்லில் பட்டால் அறுந்து காப்பாற்றும் போல்ட் அல்லது வழுக்கும் கிளச் அந்தத் தண்டில் இருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம், நம் மண்ணில் அது இல்லாமல் ஒரு போகம் தாண்டாது.

ஸ்பெயார், லீசிங், கடதாசி

பெயர் பெற்ற கம்பனியாக இருந்தாலும் நுவரெலியாவிலோ வெலிமடையிலோ இருக்கும் ஸ்பெயார் கடைக்கு நேரில் போய் ஐந்து சாமான் கேளுங்கள்: எண்ணெய் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளச் பிளேட், பிடிஓ எண்ணெய் சீல், முன் அச்சு சீல். எடுப்பித்துத் தருகிறோம் என்ற பதிலை இல்லை என்றே எழுதுங்கள். கிழங்கு விதை வாங்கி வைத்துவிட்டு கொழும்பில் இருந்து சீல் வரும்வரை காத்திருப்பது என்னவென்று அனுபவித்தவருக்குத் தெரியும்.

லீசிங்கில் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். 10 இலட்சத்துக்கு வருஷம் 12 சதவீதம், நாலு வருஷம் என்று நிலையான வட்டியில் சொன்னால் மாதம் 30,833 ரூபா வரும், மொத்தம் 14 இலட்சத்து 80 ஆயிரம். கட்டக் கட்ட முதல் குறைவதைக் கணக்கில் எடுத்தால் அந்த 12 உண்மையில் கிட்டத்தட்ட 21 சதவீதம். குறைந்து செல்லும் வட்டியில் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நமக்குப் பணம் வருவது மாதாமாதம் இல்லை, அறுவடைக்குத்தான், ஆகவே போகத்துக்குப் போகம் கட்டுகிற திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கமநல சேவை நிலையத்திலும் அந்தப் போகத்தில் மானியமோ கடனோ ஏதும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

ரோட்டில் ஏறுவதென்றால் பதிவு, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் வேண்டும். லேண்ட்மாஸ்டருக்கு எடுத்த ஜி 1 லைசன்ஸ் நாலு சக்கரத்துக்குச் செல்லாது, அதற்கு ஜி வகுப்பு. ரோட்டில் ஓடும்போது இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

டெலிவரி எடுக்கும் நாள்

டிமோ பட்டாவில் ஏற்றி வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டிரக்டரும் ரொட்டவேட்டரும் சேர்ந்தால் அதற்குத் தாங்காது, எல்ஃப் மாதிரி ஒரு லொறியைப் பிடியுங்கள். ஏற்றுமுன் எஞ்சின் நம்பரையும் சாசி நம்பரையும் கடதாசியோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடியதும் சக்கர நட்டு எல்லாவற்றையும் இறுக்குங்கள், 50 மணித்தியாலத்தில் முதல் எண்ணெய் மாற்றம், அதை இலவசமாகச் செய்து தருவார்களா என்று பில்லிலேயே எழுத வையுங்கள். இன்னொன்று, ரொட்டவேட்டரின் கியர்ப் பெட்டி மூடியை அங்கேயே கழற்றி உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். புதிய ரொட்டவேட்டர் எண்ணெய் இல்லாமல் வருவதும் உண்டு, எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் அப்படி வந்த ஒன்று இரண்டாம் நாள் மத்தியானமே கியர் அரைந்து நின்றுவிட்டது.